கோபோஸின் வலது கை

மனைவி எல்விராவை அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தனிக் கச்சேரிக்கு மேடையேறப் போகிறாராம் கிதார் மேதை ஃபெர்மின் கோபோஸ். ஸ்பெயினில் அவருடைய ஊரான அந்தெகேராவின் காப்பிக்கடைகளில் ஒரு வாரமாக இதே பேச்சு.

பாரிஸில் வாசித்தாலும் டோக்கியோவில் வாசித்தாலும் அரங்கம் நிரம்பும் கலைஞர்தான். ஆனால் கல்லறையில் பார்த்ததை மறக்க ஊர் தயாராக இல்லை. துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேருக்கும் மனிதர் இடது கையைத்தான் நீட்டினார். வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

"பெட்டிக்குள்ள பெண்டாட்டி கிடக்கா. இவருக்கு நகம் உடைஞ்சிடுமேன்னு கவலை," என்றாள் ரொட்டிக்கடைக்காரி. யாரும் மறுக்கவில்லை. கிதார்க்காரருக்கு வலது கை நகம்தான் சோறு போடுகிறது என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மகள் காசில்தா அந்த நகங்களுக்குப் பயந்தே வளர்ந்தவள். அப்பா அவளுக்கு ஆரஞ்சு உரித்துத் தந்ததில்லை, ஷூவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டதில்லை. எல்லாம் அம்மாதான்.

அம்மா படுத்த படுக்கையானபோதாவது மனுஷன் மாறுவார் என்று நினைத்தாள். அவளுக்கோ பல வருஷம் பரீட்சை எழுதிக் கிடைத்த அரசாங்க வேலை. மாட்ரிட்டில் சேர்ந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ரயிலேறி வர முடிந்தது.

வரும்போதெல்லாம் அம்மா குளித்து, தலை வாரி, கொலோன் மணக்கப் படுத்திருப்பாள். காலையில் ஒரு நர்ஸ் வந்து எல்லாம் செய்துவிட்டுப் போகிறாள், தங்கமானவள் என்பாள். அப்பா மூலை நாற்காலியில் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். காசில்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா காதில் விழவே நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவாள்.

கச்சேரிக்கு வரவே மாட்டேன் என்றவளைச் சித்தி அமாலியாதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கச்சேரியை மட்டும் நிறுத்தாதீங்கன்னு உங்கம்மா அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காடி. அவளுக்காக வா."

மேடையில் ஒரு நாற்காலி, கால் வைக்க ஒரு சின்னப் பலகை, அவர், கிதார். மைக் கிடையாது.

முதல் உருப்படியிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வெள்ளிக்காசு விழுந்த மாதிரி கணீரென்று வரவேண்டிய ஒலி, கம்பளிக்கு அடியிலிருந்து வருவதுபோல் மந்தமாக வந்தது. ஒரே தந்தியை மூன்று விரல்களும் மாறி மாறி மீட்டி மழை பெய்ய வைக்கும் இடத்துக்குத்தான் ஊர் காத்திருந்தது. அதுவும் தூறலோடு நின்றுபோனது. பின்வரிசைக்கு எதுவும் எட்டவில்லை.

"வயசாயிடுச்சு. மரியாதையா வீட்ல இருந்திருக்கலாம்," என்றார் பின்னால் இருந்தவர்.

கைதட்டல் கடனுக்கு விழுந்தது. இன்னொன்று வாசியுங்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு ரயிலேறிவிடுவது என்று காசில்தா நேரே ஒப்பனை அறைக்குப் போனாள். அவர் கிதாரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர் பேர் தெரியாத ஒரு நர்ஸ் அம்மாவைக் குளிப்பாட்டினா, தூக்கி உட்கார வெச்சா. நீங்க ஒரு தடவை அவ கையைப் பிடிச்சிருப்பீங்களா? எல்லாம் அந்த நகத்துக்காக. கடைசியில அதை வெச்சு ஒழுங்கா வாசிக்கவும் முடியலை."

அவர் வலது கையிலிருந்த துணி மெதுவாக நகர்ந்தது. அப்போதுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு விரலிலும் நகம் சரியாக இல்லை. இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

"நகம் எங்கேப்பா?"

"வெட்டிட்டேன். அம்மா படுத்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் வெட்டிக்கிட்டேதான் இருந்தேன். இன்னும் வளரலை. அடக்கத்தன்னிக்கு யார் கண்ணுலயாவது பட்டிருந்தா கச்சேரியை ரத்து பண்ணியிருப்பாங்க. அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே."

"ஒட்டு நகம் வெச்சு வாசிச்சிருக்கலாமே?"

"ஒட்டிப் பார்த்தேன். மனசு வரலை, பிச்சுப் போட்டுட்டேன். அவளுக்காக வாசிக்கிறது. இந்த விரல்தான் அவளுக்குப் பழக்கம்."

காசில்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பது வருஷம் கண்ணாகக் காத்த நகத்தை எதற்காக வெட்ட வேண்டும் என்று கேட்டாள்.

"அவ தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிடுச்சும்மா. குளிப்பாட்டுறப்போ முதுகுல ஒரு தடவை கீறி, ரத்தம் வந்துடுச்சு. அவ வலிக்கலைன்னுதான் சொன்னா. எனக்குத்தான் தாங்கலை."

"குளிப்பாட்டினது நர்ஸ்தானே?"

கோபோஸ் கிதாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நர்ஸ்னு யாருமே வரலைம்மா. நான் நகத்தை வெட்டின விஷயம் தெரிஞ்சா நீ வேலையை விட்டுட்டு வந்து உட்கார்ந்துடுவியோன்னு பயந்து, உங்கம்மாவா உண்டாக்கின நர்ஸ் அது."