இன்னும் ஆழமா ஒரு வார்த்தை

“டீச்சர், ‘ஆங்ரி’ எனக்கே தெரியும். அதுக்கு மேல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க” என்றார் சலவைக் கடை அம்மா.

மாலை நேர ஆங்கில வகுப்பு அது. மற்றவர்கள் எல்லாம் இண்டர்வியூவில் எப்படிப் பேசுவது, போனில் எப்படி மரியாதையாகப் பதில் சொல்வது என்று கற்றுக்கொள்ள வந்தவர்கள். தலை நரைத்த இந்த அம்மாவுக்கு மட்டும் அதெல்லாம் வேண்டாம். மனசைச் சொல்கிற வார்த்தைகள்தான் வேண்டும்.

அதிலும் சந்தோஷமான வார்த்தைகள் என்றால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். டீச்சர் ஒருநாள் ‘டிலைட்டட்’ என்று எழுதியபோது, அது அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

கடையில் ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகிய குரல். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போல இருக்கும்.

‘அப்செட்’ என்று டீச்சர் சொல்லிக் கொடுத்தால், “இது மேலாப்புல இருக்கு. உள்ள வரைக்கும் போற மாதிரி ஒண்ணு குடுங்க” என்பார். அவமானப்பட்டுப் போனதைச் சொல்கிற ‘ஹ்யூமிலியேட்டட்’டைக் கொடுத்ததும், தலையை ஆட்டி ஆட்டி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் அவருக்கு ‘சண்டைக்கார அம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது.

விஷயம் தெரிந்தபோது டீச்சருக்குச் சிரிப்பு போய்விட்டது. அந்த அம்மாவின் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு நம் பாஷை ஒரு வார்த்தை தெரியாது, இங்கிலீஷ்தான். மகன் கப்பலேறிவிட்டால் வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா போனில் மகனிடம் சொன்னது டீச்சரின் காதில் விழுந்தது. “இன்னிக்குப் புதுசா ரெண்டு கிடைச்சிருக்குடா. வீட்டுக்குப் போய் அவகிட்டச் சொல்லிப் பாக்குறேன். வாயைத் திறக்காம எங்க போயிடுவா?”

டீச்சரின் அக்கா, மாமியார் வீட்டுப் பேச்சைத் தாங்க முடியாமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். அன்றைக்கு ராத்திரி டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் வாயால் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளே ஒரு பெண்ணைக் குத்துகின்றன என்ற நினைப்பு.

அடுத்த வகுப்பில் அந்த அம்மா கேட்டார். “வெளிய ஒண்ணும் காட்டிக்காம, உள்ளுக்குள்ளயே ஒருத்தர் மேல குமைஞ்சுக்கிட்டு இருக்கிறதுக்கு என்ன சொல்லணும்?”

டீச்சர் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. “ரிசென்ட்ஃபுல்” என்றாள் வேண்டாவெறுப்பாக. இதுதான் கடைசி என்று மனசுக்குள் முடிவும் செய்துகொண்டாள்.

மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. வகுப்பு முடிகிற நேரத்துக்கு, கையில் இரண்டு குடையோடு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். மெலிந்த முகம், கண்ணுக்குக் கீழே கருமை. மாமியாருக்குக் குடை கொண்டு வந்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மருமகள்தான்.

சலவைக் கடை அம்மா படிக்கட்டில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். கடையில் யாரோ ஒரு கோட்டை இஸ்திரி போடும்போது கருக்கிவிட்டார்களாம்.

இதை விட்டால் சந்தர்ப்பம் கிடைக்காது என்று டீச்சர் அந்தப் பெண்ணை உள்ளே அழைத்து உட்கார வைத்தாள். தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் பேசினாள். உங்கள் மாமியாருக்கு அந்த வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தது நான்தான், எதற்கென்று தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே நிறுத்தியிருப்பேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றாள்.

அந்தப் பெண் திகைத்துப் போனாள். “நிறுத்திடாதீங்க” என்றாள் ஆங்கிலத்திலேயே.

பிறகு மெதுவாகச் சொன்னாள். சில மாதங்களுக்கு முன் அவள் வயிற்றில் இருந்த குழந்தை தங்கவில்லை. கணவன் நடுக்கடலில் இருந்தான். யார் கேட்டாலும் ‘ஐ ஆம் ஃபைன்’ என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாளாம். பெற்ற அம்மாவிடம்கூட அதற்கு மேல் பேச முடியவில்லை.

“அத்தை தினமும் என் எதிர்ல வந்து உட்காருவாங்க. ஒரே ஒரு வார்த்தையைக் கேள்வியாக் கேப்பாங்க. ‘லோன்லி?’ இல்லைன்னு தலையாட்டுவேன். மறுநாள் வேற ஒண்ணோட வருவாங்க. மனசு மரத்துப் போச்சான்னு ‘நம்ப்?’, அப்புறம் ‘ஹ்யூமிலியேட்டட்?’ நான் இல்லை இல்லைன்னே சொல்லிட்டு இருந்தேன். அவங்க விடவே இல்லை.”

படிக்கட்டில் அந்த அம்மாவின் குரல் இன்னும் உரத்துக் கேட்டது.

“நேத்து ‘ரிசென்ட்ஃபுல்?’னு கேட்டாங்க. முதல் தடவையா ஆமான்னேன். யார் மேலன்னு சைகையில கேட்டாங்க. அவங்களையே கை காட்டினேன். நான் ஆஸ்பத்திரியில இருந்து வர்றதுக்குள்ள, பார்த்தா தாங்க மாட்டேன்னு நினைச்சு, தொட்டிலைக் கழட்டி எங்கயோ அனுப்பிட்டாங்க. அதைக் கடைசியா ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்னு எனக்கு இருந்தது. அந்தக் கோவத்தைத்தான் இத்தனை நாளா வெச்சிருந்தேன்.”

“கோவிச்சுக்கிட்டாங்களா?” என்று கேட்டாள் டீச்சர்.

“இல்லை. நாற்காலியை என் பக்கத்துல இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு, ‘டெல் மீ’ன்னாங்க.”