வண்டி நிற்கிற இடம்

இஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றிய வேன், மாற்றிய வாரமே மறுபடியும் வழியில் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் தங்கப்பாண்டியன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

அவருக்கு இருக்கிறது ஒரே வேன். கூமாப்பட்டிப் பெண்களை ஏற்றிப்போய் ராஜபாளையத்து நூல் மில்லில் காலை ஷிப்டுக்கு இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பழைய வண்டிதான். ஆனால் வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

போன மாதம் முழுக்க அது பாடாய்ப் படுத்திவிட்டது. சூடேறினால் பொசுக்கென்று அணையும். செத்த நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பெண்கள் ஷிப்டுக்குப் பிந்திப் பிந்திப் போக, இனி ஒரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று மில்லில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மெக்கானிக் ஐயாதுரை பிளக்கை மாற்றினார், பம்ப்பை மாற்றினார். கடைசியில், இஞ்சினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டரே போய்விட்டது என்றார். இந்த மாடலுக்குப் புதுசு வருவதில்லையாம். மதுரையில் உடைக்கப் போட்டிருந்த வண்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினால், அது இந்த வண்டிச் சாவியைச் சீண்டவே இல்லை. லேப்டாப்போடு ஓர் ஆள் வந்து, சாவியையும் கம்ப்யூட்டரையும் ஒன்றுக்கொன்று பழக்கிவிட்ட பிறகுதான் இஞ்சின் வாய் திறந்தது. சம்பந்தம் பேசி முடித்த மாதிரி இருந்தது தங்கப்பாண்டியனுக்கு.

அதுவும் போச்சு என்றால் இன்னொன்றுக்கு எங்கே போவது?

டிரைவர் ஆவுடையப்பனைக் கேட்டால் தலையைச் சொறிந்தான். காலையில் நிற்கவில்லையாம். சாயங்காலம் மட்டும்தானாம். அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரில், மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டு வாசலில். தினமும் அங்கேயே.

ஐயாதுரைக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டருக்கு இடம் பார்த்து நிக்கத் தெரியாது. டிரைவருக்குத்தான் தெரியும்."

தங்கப்பாண்டியனுக்கு இப்போது கோபம் ஏறியது. பெண் பிள்ளைகளை நம்பி அனுப்புகிற வண்டியை எவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறான் இந்தப் பயல்?

மறுநாள் சாயங்காலம் பைக்கில் போய் மாவு மில்லுக்குள் நின்றுகொண்டார். மிளகாய் நெடியில் தும்மலை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

வேன் வந்தது. நின்றது. ஆவுடையப்பன் இறங்கி, முன்சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் இஞ்சினுக்குள் தலையை விட்டான். உள்ளே இருந்த பெண்கள் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஒருத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். இன்னொருத்தி பூக்கட்ட உட்கார்ந்துவிட்டாள். மாரீஸ்வரி என்கிற பெண் மட்டும் கீழே இறங்கினாள்.

தங்கப்பாண்டியனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று போய் ஆவுடையப்பனைத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருகினார்.

முதல் திருகலிலேயே இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. கம்ப்யூட்டர் பிழைத்திருக்கிறது. வண்டி பிழைத்திருக்கிறது. டிரைவர் பொய் சொன்னதற்கு இப்படி ஒரு நிம்மதி வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. அந்த நிம்மதியிலேயே வசவுக்கு வாயைத் திறந்தவர், கீழே பார்த்து நிறுத்திக்கொண்டார். ரெட்டைச் சடை போட்ட ஒரு பிள்ளை மாரீஸ்வரியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றது.

"அவ மக இந்து, அண்ணாச்சி," என்றான் ஆவுடையப்பன் மெதுவாக. "புருஷங்காரன் இவளை விரட்டிட்டு, பிள்ளைய மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டான். பார்க்கணும்னு வந்தா வாசல்லயே விட மாட்டாக. அந்த மாமியா இருக்காளே, வெளக்கமாத்தத் தூக்கிருவா. முன்னாடி ஒரு நாள் வண்டி தானா இங்க நின்னப்ப பிள்ளை ஓடி வந்துச்சு. வண்டி நின்னதுக்கு இவ என்ன செய்வா? அவுகளால ஒண்ணும் சொல்ல முடியல. நீங்க கம்ப்யூட்டர மாத்திட்டீக, இப்ப தானா நிக்க மாட்டேங்குது. அதான்..."

தங்கப்பாண்டியன் பதில் சொல்வதற்குள் அந்த வீட்டுக் கதவு திறந்தது. இஞ்சின் சத்தம் கேட்டு மாமியார் கருத்தம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். முறுக்குத் தின்றவள் பொட்டலத்தை மடக்கினாள். மாரீஸ்வரி பிள்ளையை மெல்ல விலக்கி நிறுத்தினாள்.

"என்ன, இன்னைக்கு அதுக்குள்ள சரியாயிருச்சா?" என்றாள் கருத்தம்மாள்.

ஊரெல்லாம் தன் வண்டிப் பெருமை பேசுகிற தங்கப்பாண்டியன், ஓடிக்கொண்டிருந்த இஞ்சினைத் தன் கையாலேயே அணைத்தார்.

"எங்க சரியாச்சு, அக்கா... ஓட்ட வண்டி. பாருங்க, மறுபடியும் நின்னுபோச்சு. தெனமும் இந்நேரத்துக்கு இப்படித்தான் மானத்த வாங்குது."

கருத்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நிக்கட்டும் தம்பி. ஆனா வாசல்ல வேண்டாம், எம்மவன் கண்ணுல பட்டுரும். நாளையிலருந்து பின்சந்துல போயி நிக்கச் சொல்லுங்க. பிள்ளைக்குச் சடை போட்டு நானே அங்க கூட்டியாரேன்."