ரவுனோவின் தீர்ப்பு

“இல்போ, உன் காதுக்குத் தங்கத்துல கடுக்கன் போடணும்ப்பா,” என்றபடி துய்ரே தன் இசைத்தட்டை மேசைமேல் வைத்தாள்.

இல்போ காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டு வாங்கியவர் முகமாகவே இல்லை. திருடிவிட்டு அகப்பட்டவன் முகம்போல இருந்தது.

பின்லாந்தின் டாம்பெரே நகரத்தில், துய்ரேயின் சமையலறையில், மாதம் ஒரு சனிக்கிழமை இல்போ, துய்ரே, ரவுனோ என்ற இந்த நண்பர்கள் மூன்று பேரும் கூடுவார்கள். புதிதாக வாங்கிய ஹெவி ராக் இசைத்தட்டுகளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதுதான் வேலை. பாட்டை அவரவர் வீட்டில் கேட்டுவிட்டு வர வேண்டும். இங்கே பேச்சும் காபியும் ஏலக்காய் பன்னும் மட்டும்தான்.

போன மாதம் இல்போ ஒரு ஸ்வீடன் குழுவின் தட்டை வானளாவப் புகழ்ந்திருந்தார். இவ்வளவு கனமாக, இவ்வளவு மெதுவாக யாரும் வாசித்ததில்லை, பாடுகிறவன் குரல் பாதாளத்திலிருந்து வருகிறது என்றார். கேட்ட இருவரும் கடைக்கு ஓடினார்கள். கடைசி இசைத்தட்டு துய்ரேக்குக் கிடைத்தது. ரவுனோவுக்குச் சிடிதான் மிச்சம்.

வினை நேற்று வந்தது. காரில் போகும்போது ரேடியோவில் ஒரு பெண் குதிரை ஓட்டமாகப் பாடிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று இல்போ தனியாகச் சிரித்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் பெயரைச் சொன்னார். அதே ஸ்வீடன் குழு, அதே தட்டின் முதல் பாட்டு.

வீட்டுக்குப் போய்த் தட்டின் நடுவே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்று போட்டிருந்தது. பெரிய தட்டென்றால் முப்பத்துமூன்றுதானே என்ற மிதப்பில், பிளேயரின் பொத்தானை மாற்றாமலே மாதம் முழுக்க அதை இழுத்து இழுத்துக் கேட்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்தே ஹெவி ராக் கேட்டு வளர்ந்த மனிதர், வாய்கிழியப் புகழ்ந்தது தம் சோம்பேறித்தனத்தை. வெட்கத்தில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

“மெதுவுன்னா அப்படியொரு மெதுவு,” துய்ரே விடவில்லை. “ஸ்வீடன்காரனுக்கு இவ்வளவு துக்கம் எங்கேருந்துப்பா வந்துச்சு? துக்கம் நம்ம சரக்காச்சே. மூணாவது பாட்டுல அவன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது, செத்தவன் எழுந்து வர்ற மாதிரி.”

இவளும் பொத்தானை மாற்றவில்லை என்று இல்போவுக்குப் புரிந்துவிட்டது. சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காபி ஆறிப்போயிற்று.

அடுத்தது ரவுனோ. அவர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார். அவர் சொன்னால் அதுதான் தீர்ப்பு. ஒரு காலத்தில் ஊரே அதிர டிரம்ஸ் அடித்தவர், இப்போது ஊர்ப் பத்திரிகையில் வாராவாரம் இசை விமர்சனம் எழுதுகிறார்.

“துய்ரே சொன்னது வாஸ்தவம்,” என்றார். “டிரம்ஸையே எடுத்துக்கோங்க. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல சவுனாவுல ஒரு நீராவிக் குளியல் போட்டுட்டு வந்துடலாம். அந்த ஆளு குரல், கிணத்துக்குள்ள கல்லை உருட்டற மாதிரி. இந்த வருஷத்துல இதுக்கு மேல ஒண்ணு வரப்போறதில்ல. எழுதி முடிச்சுட்டேன், நாளைக்குப் பத்திரிகைக்கு அனுப்பறேன்.”

இல்போ கோப்பையைத் தள்ளி வைத்தார். தாம் அசடானது இந்த மூன்று பேரோடு போய்விடும். ரவுனோ அச்சில் அசடானால் ஊரே சிரிக்கும். எழுதும் இடமும் பறிபோகும். பாவம், அந்த எழுத்தைத் தவிர அவருக்கு இப்போது வேறு எதுவும் இல்லை.

“ரவுனோ, அதை அனுப்பாதீங்க.”

“ஏன்?”

“நான் தட்டைத் தப்பான வேகத்துல போட்டுட்டேன். அது நாப்பத்தஞ்சு. நிஜத்துல அது மெதுவே இல்ல, தலைதெறிக்க ஓடுது. பாடறது ஆம்பளையும் இல்ல, ஒரு பொண்ணு.”

துய்ரே தன் தட்டை உறையிலிருந்து உருவிப் பார்த்தாள். கழுத்துவரை சிவந்துபோனாள்.

“நானும் முப்பத்துமூணுலதானே வெச்சேன். நீ சொன்ன மாதிரியே இருக்கேன்னு மாஞ்சு மாஞ்சு கேட்டேன். மூச்சு வாங்குதுன்னு வேற சொல்லித் தொலைச்சேன்.”

“மன்னிச்சுடு துய்ரே. எல்லாம் என்னாலதான்.”

முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், இல்போவும் சேர்ந்துகொண்டார். கூனிக் குறுகிப் போயிருந்தவருக்குச் சற்றே மூச்சு வந்தது. தம் மானம் போனாலும் நண்பரின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார்.

“சரி, நாங்க ரெண்டு பேரும் மடச்சாம்பிராணி,” துய்ரே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்களுக்கு என்ன ஆச்சு ரவுனோ? உங்களோடது சிடியாச்சே. அதுல வேகத்தை மாத்தற பொத்தானே கிடையாதே.”

வேடிக்கையாகத்தான் கேட்டாள். ஆனால் ரவுனோ சிரிக்கவில்லை. இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று இல்போ நாக்கைக் கடித்துக்கொண்டார்; காலம் கடந்துவிட்டது.

ரவுனோ பாதி பன்னை ஓரமாக ஒதுக்கி வைத்தார். இருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

“டிரம்ஸ் அடிச்சு அடிச்சே காது போச்சு. பேச்சு மட்டுந்தான் இப்ப எனக்கு விழுது, நீங்க பேசறதைக் கேட்டுத்தான் எழுதறேன்,” என்றார். “பாட்டு கேட்டு ரெண்டு வருஷமாச்சு.”