பின்சீட்டின் எடை

நவநீதன் தன் மலைப்பயண பைக்கை மூன்றாம் முறையாக என் பட்டறைக்குக் கொண்டுவந்தான். பின்சீட்டில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். இன்ஜினை டியூன் செய்து வேகத்தைக் கூட்ட வேண்டுமாம். ஏற்கெனவே இரண்டு அலுமினியப் பெட்டி, நான்கு விளக்கு, சுற்றிலும் இரும்புக் கம்பி என்று வண்டியைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கி வைத்திருந்தான். செயின் மட்டும் துருவேறித் தொங்கியது.

"முதல்ல செயினையும் பிரேக்கையும் மாத்துங்க சார்," என்றேன்.

"அதெல்லாம் வெளிய தெரியாதுங்க."

"அப்ப எடையைக் குறைக்கணும். அந்தப் பெட்டிகளைக் கழட்டிரலாம்."

"பெட்டி இருக்கட்டும். பின்சீட்டையும் அந்த ஃபுட்ரெஸ்ட்டையும் கழட்டிருங்க."

அவள் அப்போதும் வண்டியிலிருந்து இறங்கியிருக்கவில்லை.

"அவங்க எதுல வருவாங்க?"

"பஸ்ஸு இருக்குதில்ல?" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்கு நடந்தான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஸ்பேனரை எடுத்தேன். அந்தக் கையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் இறங்கி நிற்க, பின்சீட்டையும் ஃபுட்ரெஸ்ட்டையும் கழற்றினேன். இரண்டு ஃபுட்ரெஸ்ட்டும் சேர்ந்து ஒரு கிலோகூட வராது. அவற்றின் ரப்பரில் அவள் செருப்பு தேய்த்த பள்ளம் இருந்தது. பழைய இரும்பு சேர்க்கும் கூடையில் போடப் போனேன். அவள் கை நீட்டி வாங்கினாள். முந்தானையால் கிரீஸைத் துடைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அண்ணா, இது வேற வண்டிக்குப் பொருந்துங்களா?"