ஆறாவது படம்

வெளியே நல்ல வெயில். ஜன்னல் திரைகளை இழுத்து மூடியிருக்கிறார்கள். சனிக்கிழமை காலையிலிருந்து இது ஆறாவது படம். ஒன்றுகூட உருப்படி இல்லை. சோபாவின் ஒரு மூலையில் அக்கா காலை மடக்கிச் சாய்ந்திருக்கிறாள். மறு மூலையில் தம்பி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, தின்னாமல் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அப்பாவின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. எவ்வளவு மட்டமான படமானாலும் கடைசிப் பேர் ஓடி முடியும்வரை எழுந்திருக்காத மனுஷன். டீப்பாயில் ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய காகிதம் ஃபேன் காற்றில் படபடக்கிறது. பறக்காமலிருக்க அதன்மேல் ரிமோட். அப்பாவுக்கு மூச்சு கொடுக்கும் மெஷினை நிறுத்தச் சம்மதம் என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் அது. ரெண்டு நாள் யோசித்துத் திங்கட்கிழமை காலையில் சொல்லுங்கள் என்றிருக்கிறார் டாக்டர். திரையில் கதாநாயகன் மழையில் நனைந்தபடி வசனமாகப் பேசித் தள்ளுகிறான். அந்த நீல வெளிச்சம் இரண்டு முகங்களிலும் ஏறி இறங்குகிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகுதான் தம்பி நிமிர்கிறான்.

"அக்கா, இது நேத்து பாத்த படம்தானே?"

"ஆமா. பேர் போடும்போதே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. நிறுத்தினா அதப் பத்திப் பேசணும்."

தம்பி ரிமோட்டை எடுக்கிறான். காகிதம் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. அடியில் கையெழுத்துக்கான இரண்டு கோடுகள் வெறுமையாகத் தெரிகின்றன. அவன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, ரிமோட்டை அந்தக் கோடுகளின் மேலேயே திரும்ப வைக்கிறான்.