ஆளுக்கொரு பெட்டி

குகையிலிருந்து வந்த மண்கட்டியை ஆய்வாளர் எஸ்தர் தூரிகையால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆதி மனிதர்களின் எலும்புகள் இருந்தன. பெரியவர் ஒருவரின் விரல், அதை இறுகப் பற்றியிருந்த ஒரு குழந்தையின் கை.

எஸ்தர் டீ குடிக்கப் போனார்.

"இடையில இருக்கிற மண்ணையும் எடுத்துட்டா வேலை முடிஞ்சுது," என்றது தூரிகை. பொட்டு மண் விடாது என்று அதற்கு நல்ல பெயர்.

"எடுத்துட்டா எங்களைப் பிரிச்சிடுவாங்களா?" என்று கேட்டது விரல்.

"ஆமா. ஆளுக்கொரு பெட்டி. இங்க அதுதான் வழக்கம்."

"இவனுக்கு இருட்டுன்னா பயம். என்னைப் பிடிச்சுக்கிட்டாத்தான் தூங்குவான். இன்னும் எழுந்திருக்கல."

தூரிகை அந்தச் சின்னக் கையைப் பார்த்தது.

எஸ்தர் திரும்பி வந்து தேய்த்தார். தூரிகை தன் மயிர்களையெல்லாம் வளைத்துக்கொண்டது. மண் அசையவில்லை.

"இதுக்கு மேல சுரண்டினா உடைஞ்சிடும். ஒண்ணாவே இருக்கட்டும்," என்றவர் தூரிகையைத் திருப்பிப் பார்த்தார். "இதுவும் தேஞ்சு போச்சு."

குப்பைக்கூடையில் கிடந்த தூரிகைக்கு ஒரு பெட்டி மூடும் சத்தம் கேட்டது. இன்னொன்று மூடுகிறதா என்று அது வெகுநேரம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தது.

மூடவில்லை.