அவசர லீவு

விடுமுறைக் கூட்டத்தில் பொம்மைக் கடை திணறிக்கொண்டிருந்தது. பில் போடுகிறவன் எழுந்து வந்து மேனேஜரின் மேஜை முன்னால் நின்றான்.

"மேடம், அவசரமா லீவு வேணும். என் பொண்டாட்டிக்கு வலி வந்துடுச்சு."

"இந்தக் கூட்டத்துலயா? முதல் பிரசவம்தானே, சாயங்காலம் வரைக்கும் தாங்கும்."

"எனக்குப் பயமா இருக்கு மேடம். அவ சரியான பிடிவாதக்காரி. உயிரே போனாலும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டா."

"யாரு பிடிவாதக்காரி?" என்று சீறிய மேனேஜர், சட்டென்று மேஜையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். "ஏங்க... ஆட்டோவைக் கூப்பிடுங்க."

மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி அவன் நடக்க, கடையே ஒதுங்கி வழிவிட்டது.

சாயங்காலம் அவனிடமிருந்து போன் வந்தது. குரலில் சந்தோஷம் தாங்கவில்லை.

"பொண்ணு பிறந்திருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அப்படியே அம்மா குரல்! இப்பவே ஆஸ்பத்திரியை அதட்டிக்கிட்டிருக்கா!"